ஹைருன் பீவி பயணம் சொன்னது

தென்காசியில் அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆண்பிள்ளை அரபு நாட்டுக்குக் கிளம்பினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா போய்விட முடியாது. முதலில் பயணம் சொல்ல வேண்டும். சொந்தம், அக்கம்பக்கம் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, 'நாளைக்குப் பயணம், ஏதும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க, துஆ செய்யுங்க' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தந்த வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வாய்க்கால் தகராறில் பேச்சு முறிந்துபோன வீட்டில்கூட அன்றைக்கு மட்டும் தேநீர் கிடைக்கும். கிளம்பும் நேரம் வந்ததும் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று காதில் கைவைத்துப் பாங்கு சொல்வார். தொழுகைக்குப் பள்ளிவாசலில் சொல்கிற அதே பாங்குதான், போகிறவருக்குக் காவலாக வீட்டு வாசலில் சொல்வது. தெரு குறுகல் என்பதால் கார் உள்ளே வராது, முக்கில்தான் நிற்கும். அந்தக் குரல் முதுகில் விழ விழ அவர் முக்கு வரைக்கும் நடந்து போவார். திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஹைருன் பீவிக்கு இதெல்லாம் மனப்பாடம். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் பரீதின் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம் என்று அவள் சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. விடுமுறை முடிந்து அவர் போகும்போதெல்லாம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாலு வீடு தள்ளியிருக்கும் முகம்மது சலீம் மாமா பாங்கு சொல்வார். இவர் போய்க்கொண்டே இருப்பார். ஒருதடவை திரும்பினால் குடியா முழுகிவிடும் என்று மனசுக்குள் வைவாள்.

ஒருமுறை கேட்டேவிட்டாள். "கல்லு மாதிரி போறீயளே, உங்களுக்கு ஒண்ணுமே தோணாதா?"

"பாங்குச் சத்தம் கேக்குத வரைக்கும் தெம்பாத்தான் இருக்கும்," என்றார் பரீது. "முக்கு திரும்புனா சத்தம் நின்னுரும். அங்கனதான் வயித்தப் பெசையும்."

அவள் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை ஒட்டிக்கொண்டது. அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் தன் பேரில் ஒரு பயணம் சொன்னதில்லை. புருஷனோடோ மகனோடோ ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். தானும் ஒருநாள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். தனக்காக யாராவது அழ வேண்டும். அந்தப் பாங்கு தன் முதுகிலும் விழ வேண்டும். பேராசை என்று அவளுக்கே தெரியும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

பரீது சவூதியில், தம்மாமில் பஸ் டிரைவர், அதுவும் உம்ரா என்கிற மக்கா யாத்திரைக்குப் போகும் பஸ்ஸுக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்களை ஏற்றினால் பாலைவனத்தின் குறுக்கே விடிய விடிய ஓட்டிக்கொண்டு போய் மக்காவில் இறக்குவார். புது மாப்பிள்ளை, புதுப்பெண், ஊரிலிருந்து வந்த மாமியார், பால்குடி மாறாத பிள்ளை என்று எல்லோரும் அந்த பஸ்ஸில் இருப்பார்கள். நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கித் தலையை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் கழிப்பறைக் கதவைத் தட்டப் போவார். வெள்ளிக்கிழமை போனில் "இந்த வாரம் நம்ம கடையநல்லூர் ஆளுவ ஒரு குடும்பம் வந்திச்சு" என்பார்.

"நாம எப்பம்?" என்பாள் ஹைருன்.

"போவோம்" என்பார்.

முதலில் விசா இடித்தது. டிரைவர் வேலைக்குக் குடும்ப விசா கிடையாது. பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். பிறகு மகள் மிஸ்ரியாவின் படிப்பு, அப்புறம் கொரோனா. எல்லாம் ஓய்ந்து பார்த்தால் கம்பெனியையே மூடியிருந்தார்கள். பரீது முழங்கால் வலியையும் சர்க்கரையையும் சம்பாதித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் 'போவோம்' மட்டும் இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை.

ஊருக்கு வந்தவர் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு மொட்டைமாடியில் நின்றால் குற்றாலத்து மலை முழுசாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் பாறைமேல் அருவி வெள்ளைக் கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே துணி காயப்போடுவது ஹைருனுக்குப் பிடிக்கும். "அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கேரளா," என்றார் பரீது. அதோடு பேச்சு முடிந்தது.

இப்படியே விட்டால் இரண்டு பேரும் சுவரோடு சுவராகிவிடுவார்கள் என்று சென்னையில் வேலை பார்க்கும் மிஸ்ரியாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒருநாள் போனில் கூப்பிட்டு, பூட்டான் போகும் குழு ஒன்றில் இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். பௌத்த நாடு, இமயமலைக்குள்ளேயே இருக்கிறதாம். மடாலயம், கோட்டை, முகமூடி ஆட்டம் எல்லாவற்றையும் கூடவே ஆள் வந்து விளக்கிக் காட்டும் பண்பாட்டுச் சுற்றுலா. நடத்துகிற விஜயசங்கர் குற்றாலத்துக்காரர், வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சீசன் கூட்டம் வடிந்ததும் வருஷத்துக்கு ஒரு குழுவை எங்காவது கூட்டிப் போவார்.

"பாஸ்போர்ட் வேண்டாம்மா. ஓட்டுப் போடுத கார்டு இருந்தா போதும்," என்றாள் மிஸ்ரியா.

பரீதிடம் முத்திரை குத்திக் குத்தி நிறைந்துபோன பாஸ்போர்ட்டுகள் ரப்பர்பேண்டு போட்டுக் கிடக்கின்றன. ஹைருனிடம் இருந்தது அந்தக் கார்டுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு தேசத்துக்கே போகலாம் என்றதும் பீரோவைத் திறந்து அதை எடுத்து ஒருதடவை பார்த்துக்கொண்டாள்.

"அங்க என்ன இருக்கு?" என்றார் பரீது.

"மலை இருக்காம்."

"அதான் மாடியில இருந்தே தெரியுதே." பிறகு குரல் இறங்கிச் சொன்னார். "என்னால ஆகாது ஹைரு. பஸ்ஸு, கூட்டம், சாப்பாட்டுக்கு நிப்பாட்டுத எடம், மறுபடி ஏறுதது. ஆயுசு பூரா தலை எண்ணியாச்சு. நீ வேணா போயிட்டு வா."

கோபத்தில் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, அலுப்புதான் தெரிந்தது. 'சரி, வேண்டாம்' என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் பழகியிருந்தது. என்ன ஆனதோ, "போயிட்டு வாறேன்" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே சமையற்கட்டுக்குள் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

குழுவில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று விஜயசங்கர் குற்றாலத்தில் ஒரு விடுதியில் கூட்டம் வைத்திருந்தார். ஐப்பசி மழை விடாமல் அடித்து, பேரருவியில் செம்மண் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அருவி இரைச்சலுக்குமேல் குரலை ஏற்றி விஜயசங்கர் பேசினார். கோட்டைக்குள் முழுக்கைச் சட்டை போட வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், சந்நிதிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து, கணவாய்களில் கட்டியிருக்கும் வண்ணக் கொடிகளின் படத்தைக் காட்டினார்.

"இந்தக் கொடியில எல்லாம் பிரார்த்தனையை அச்சடிச்சிருப்பாங்க. காத்து அடிக்க அடிக்க அந்தப் பிரார்த்தனை கண்காணாத எடத்துல இருக்கவங்களுக்கும் போய்ச் சேரும்னு அவங்க நம்பிக்கை."

ஹைருனுக்கு அது நிரம்பப் பிடித்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து அங்கே சாம்பார் கிடைக்குமா என்று கேட்டார். மிளகாயையும் பாலாடைக்கட்டியையும் போட்டுக் குழம்பு வைப்பார்கள் என்று பதில் வந்ததும், அவர் அந்தப் பயணத்தையே மறுபரிசீலனை செய்கிற முகத்தோடு உட்கார்ந்தார்.

வந்தவர்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். ஹைருன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தாள். யாருக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு எடுத்து மடியில் வைத்தாள். காலியான நாற்காலியில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். பெயர் முத்துவடிவு, இலஞ்சி ஊர், ஒருகாலத்தில் பெரிய பண்ணைக் குடும்பம். புருஷன் இல்லை, பையன்கள் அமெரிக்காவில்.

"ஒரு ரூமுக்கு ரெண்டு பேரு. தனியா வந்தது நீங்களும் நானுந்தான்," என்றார் முத்துவடிவு. "நான் கொறட்டை விடுவேன். பெறகு சொல்லலன்னு சொல்லப்பிடாது."

"நான் சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சு லைட்டப் போடுவேங்க்கா."

"போடுங்க. நான் போர்வையை இழுத்து மூடிக்கிடுதேன்." இப்படியாக அறை ஒப்பந்தம் முடிந்தது. முத்துவடிவு ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். "அந்தா, பஜ்ஜிக் கடை தார்ப்பாய்க்குக் கீழ ஸ்கூட்டரப் புடிச்சிக்கிட்டு நெடுநேரமா நிக்காரே, அவரு யாரு, உள்ள வரவே மாட்டங்காரு?"

ஹைருனுக்கு முகம் சுருங்கியது. "எங்க வீட்டுக்காரரு."

அவளைக் கூட்டிவந்தது பரீதுதான். உள்ளே வாருங்கள் என்று விஜயசங்கர் வருந்திக் கூப்பிட்டும், "நான் டிரைவர் மாதிரி சார், வெளியவே இருந்து பழகிட்டு" என்று சிரித்துவிட்டு நின்றுகொண்டார். சாரல் அவர் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் பேரை இப்படி உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றவர்தானே என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் இருந்து, "இன்னும் உங்க பேரு இருக்காம், வாங்களேன்" என்றாள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கிளம்ப ஒருநாள் இருக்கும்போது ஹைருன் நல்ல சேலை உடுத்திப் பயணம் சொல்லப் புறப்பட்டாள். இத்தனை வருஷ ஆசை அல்லவா, நடையே வேறாக இருந்தது. முதல் வீடு பரீதின் அக்கா ராபியாவுடையது. ராபியா லேசில் அழுகிற ஆள் கிடையாது. சொந்த மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றைக்கே பந்திப் பாத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தவள்.

"மைனி, நாளைக்குப் பயணம். ஏதும் மனசு நோக நடந்திருந்தா பொறுத்துக்கிடுங்க."

ராபியாவின் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்து உருண்டது. "யா அல்லாஹ்! கடைசில ஒன்னயக் கூட்டிட்டுப் போறானா?" ஓடிவந்து ஹைருனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "ஊரான் பொண்டாட்டியளயெல்லாம் உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போனான், கட்டுனவள விட்டுட்டானேன்னு நான் எத்தனை நாளு மருகியிருக்கேன் தெரியுமா? ஏ ஹைரு, நீ கொடுத்துவச்சவட்டி!"

அழுதாள். ராபியா அழுதாள். 'இல்ல மைனி, உம்ரா இல்ல, பூட்டான்' என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ராபியாவின் கண்ணீர் சூடாக அவள் தோளில் இறங்கியது. ஹைருனுக்காக இதுவரை யாரும் இப்படி அழுததில்லை. சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டுத் தானும் சேர்ந்து அழுதாள்.

அந்தத் தெருவில் செய்திக்குக் கால் உண்டு. இரண்டாவது வீட்டுக்கு அவள் போவதற்குள் உம்ரா போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை அமைய அங்கே துஆ கேட்கச் சொன்னாள். இன்னொருத்தி தன் மூட்டுவலியை அல்லாஹ்விடம் எடுத்துச் சொல்லச் சொன்னாள். எல்லா வீட்டிலும் மக்காவின் புனிதக் கிணற்று ஜம்ஜம் தண்ணீர் கேட்டார்கள். பூட்டானில் ஜம்ஜம் தண்ணீருக்கு எங்கே போவாள்? தலையை மட்டும் ஆட்டிவிட்டு, போகும்போது இருந்த நடை இல்லாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

பொழுது சாய்ந்து, மஃரிபு தொழுதுவிட்டு வந்த பரீது செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். பள்ளியில் ஆளாளுக்குக் கையைப் பிடித்து முபாரக் என்று வாழ்த்தியிருக்கிறார்கள். சலீம் மாமா முதுகில் தட்டி, வழக்கம்போல நானே வந்து பாங்கு சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார்.

"என்ன சொல்லிட்டு வந்த?"

"நான் பயணம்னுதான் சொன்னேன். அவியளா நெனைச்சுக்கிட்டாவ."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ராபியா மைனி கட்டிப்புடிச்சு அழுதாவ. எனக்குன்னு ஒருத்தர் அழுது நான் பாத்ததே இல்ல. எப்படி இல்லன்னு சொல்ல?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேண்டாம். நான் எங்கயும் போகல. மிஸ்ரியாட்ட சொல்லிருங்க."

பரீது உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "இந்தச் செலவுக்கு உம்ராவுக்கே போயிருக்கலாம்லா? குரூப்பு குரூப்பாப் பொம்பளைய போறாவளே, ஒன்னய யாரு தடுத்தா?"

ஹைருனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "மத்தவங்க கூட எதுக்குப் போகணும்? நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன எடம் அது. பூட்டானுக்கு யாரு கூட வேணாலும் போவேன். அங்கன நீங்க இல்லாம கால் வைக்க மாட்டேன்."

முழங்காலைத் தடவிய கை நின்றது. தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"கடைசிப் பத்து வருசம் நான் மக்காப் பள்ளிக்கு உள்ளயே போகல," என்றார் பரீது. "ஆட்கள இறக்கிவிட்டுட்டு பஸ்ஸுலயே படுத்துக்கிடுவேன். டிரைவருக்கு ஒறக்கம் வேணும்னு சொல்லுவேன். ஒறக்கமா வரும்? உள்ள போனா புருசனும் பொண்டாட்டியுமா கையப் புடிச்சிக்கிட்டுக் கஅபாவைத் தவாபு சுத்துவாவ. எனக்குப் பாக்க முடியாது."

ஹைருன் அவரையே பார்த்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் மக்காவைப் பற்றிச் சொன்ன மனுஷன். அத்தனையும் பஸ்ஸுக்குள் படுத்துக்கொண்டு சொன்னது. இத்தனை நாள் திட்டிய திட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொண்டிருப்பாள்.

பரீது எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "வா."

"எங்க?"

"எந்தெந்த வீட்டுக்குப் போன? அத்தனை வீட்டுக்கும் போவணும்."

போனார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தமுறை அவளும் கூடவே நடந்துகொண்டிருந்தாள்.

ராபியாவின் வீட்டில் அவர் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, இவ போறது உம்ராவுக்கு இல்ல. பூட்டானுக்கு. மலை பாக்க, கோட்டை பாக்க, ஊரு சுத்திப் பாக்கப் போறா. உம்ராவுக்கு நான் இன்னும் கூட்டிட்டுப் போகல. அது என்மேல உள்ள தப்பு, இவமேல இல்ல."

ராபியா தம்பியையும் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியையும் பார்த்தாள். "அப்ப நான் அழுதது?"

"அது எனக்காக அழுததுதான மைனி?" என்றாள் ஹைருன்.

ராபியா விறுவிறுவென்று உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் இவர்கள் நினைத்தார்கள். திரும்பி வரும்போது, புலிப்படம் போட்ட சவூதிக் கம்பளி ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது அது. "இமயமலைன்னா குளிருமேட்டி. இத வச்சுக்கோ. ஜம்ஜம் இல்லன்னா போகுது, அங்க என்ன கெடைக்கோ கொண்டா."

"மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கொழம்பு வைப்பாவளாம்."

"அது வேண்டாம்."

மற்ற வீடுகளில் சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உம்ரா செய்யாதவளுக்குப் புத்தர் கோயில் கேட்கிறதா என்று ஒரு வீட்டில் காதுபடவே பேசினார்கள். பரீது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். கடைசியாகச் சலீம் மாமா வீடு. அவர் பொல்லாதவர் அல்ல, வழக்கத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராத மனுஷர், அவ்வளவுதான்.

"ஹஜ்ஜுக்குப் போறவங்களுக்குச் சொல்லுவோம், பொழைக்கப் போறவங்களுக்குச் சொல்லுவோம். சுத்திப் பாக்கப் போறதுக்கெல்லாம் பாங்கு சொல்லி எனக்கு வழக்கம் இல்லியேப்பா. தப்பா எடுத்துக்கிடாத," என்றார்.

"சரி மாமா," என்றார் பரீது. தலைகுனிந்து வெளியே வந்தார்கள்.

போகட்டும், அழுகையாவது கிடைத்ததே என்று ஹைருன் தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை. வலித்தது. வாசல்வரை வந்த ஒன்று திரும்பிப் போனதுபோல அன்றிரவு முழுக்க வலித்தது.

மறுநாள் சாயங்காலம், அசரு தொழுகைக்குப் பிறகு முக்கில் வேன் வந்து நின்றது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போக வேண்டும். ஹைருன் பெட்டியையும், கயிறு போட்டுக் கட்டிய புலியையும் வாசலில் எடுத்து வைத்தாள். பயணம் சொல்லாத வீடு ஒன்று பாக்கி இருந்தது. பரீதின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்ககிட்டயும் பயணம் சொல்லுதேன். ஏதும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க."

பரீதுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் நின்று அவருக்குப் பழக்கம் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "டிரைவருக்குப் பின்சீட்டுல உக்காரு. கடைசி சீட்டு குலுக்கும். வண்டி நிப்பாட்டுன எடத்துல எல்லாம் எறங்கிக் கால நீட்டிக்கோ. தலை எண்ணும்போது எடத்துல இரு, பாவம், எண்ணுதவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்." இவ்வளவும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு, "போன் பண்ணு" என்றார்.

அவள் பிஸ்மி சொல்லி வலதுகாலை எடுத்துத் தெருவில் வைத்தாள். ஒரு கையில் பெட்டி, மறுகையில் புலி. கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. தெரு சத்தமில்லாமல் இருந்தது. பெட்டியின் சக்கரம் மட்டும் கடகடவென்று அவளோடு வந்தது. ராபியா வீட்டைக் கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

பின்னாலிருந்து பாங்கு எழுந்தது.

சலீம் மாமாவின் பண்பட்ட குரல் இல்லை அது. கரகரத்து, ராகம் கூடாமல், வண்டி நிறுத்துமிடங்களில் ஆட்களைப் பெயர்சொல்லிக் கூவிக் கூவித் தேய்ந்த குரல். ஹைருனின் கால் நின்றுவிட்டது. திரும்பப் போன கழுத்தை வலுக்கட்டாயமாக நிறுத்திக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போக மாட்டாள், அது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவர் ஏன் ஒருநாளும் திரும்பவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

ஜன்னல்கள் திறந்தன. மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்கு வந்த சலீம் மாமா தலையில் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, பாங்குக்கு எப்போதும் சொல்லும் பதிலை உதட்டுக்குள் சொல்லியபடி நின்றார். அவரைக் கடக்கும்போது ஹைருன் புலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நடுவில் ஓரிடத்தில் அந்தக் குரல் கம்மிப்போய் நின்றது. அவள் மூச்சும் சேர்ந்து நின்றது. பிறகு அது தட்டுத்தடுமாறி மறுபடி எழுந்து, அவளுக்குப் பின்னாலேயே வந்தது.

முக்கு வந்துவிட்டது. விஜயசங்கர் இறங்கி வந்து பெட்டியையும், திகைத்துப் பார்த்துவிட்டுப் புலியையும் வாங்கிக்கொண்டார். ஹைருன் டிரைவருக்குப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே முத்துவடிவு இருந்தார். வேன் கிளம்பி முக்கு திரும்பும் வரைக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பியதும் நின்றுவிட்டது. அவர் சொன்ன இடத்தில், சொன்னபடியே, அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது.

"பாங்கு சொல்லுதாவளே, தொழுகை நேரமா?" என்று கேட்டார் முத்துவடிவு. "வேணும்னா தொழுதுட்டு வாங்க, வண்டியை நிப்பாட்டச் சொல்லுதேன்."

"இல்லக்கா, தொழுகைக்கு இல்ல," என்றாள் ஹைருன். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "எனக்குச் சொல்லுதாவ. எங்க வீட்டுக்காரரு."